செழுமையும் மூடிய கதவும்

இரண்டாம் உலகப் போர் 1945இல் ஓய்ந்தபோது, 1930களின் பெருமந்தம் திரும்பிவிடுமோ என்னும் அச்சம் அமெரிக்காவில் நிலவியது. வந்ததோ முன்காணாத செழுமை. அது விளைந்த வகையை நாம் இங்கு நோக்குவோம்.

போர்க்காலப் பங்கீட்டு முறையால் செலவிட வழியின்றி மக்கள் சேர்த்து வைத்த பணம் முதற்காரணம். படைவீரர்க்கு அரசு உத்தரவாதத்துடன் வீட்டுக்கடன் கிடைக்கச் செய்த 1944ஆம் ஆண்டுச் சட்டம் மற்றொன்று. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் 1947இல் எழத் தொடங்கிய லெவிட்டவுனில், சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 17,000 வீடுகள் கட்டப்பட்டன. வீட்டைத் தொடர்ந்து குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி, கார் ஆகியன தவணையில் வந்தன. 1958இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா கடன் அட்டையை வெளியிட்டது. அவ்வாண்டே பொருளியலறிஞர் கால்பிரெய்த், தேவைகளை உற்பத்தியாளரே விளம்பரத்தால் தோற்றுவிக்கின்றனர் என்றும், தனியார் செல்வம் பெருகப் பொதுப்பணிகள் நலிகின்றன என்றும் தம் நூலில் எச்சரித்தார்.

ஆயினும் இச்செழுமை எல்லார்க்கும் கிட்டவில்லை. லெவிட்டவுன் ஒப்பந்தம் கறுப்பினத்தவரின் குடியேற்றத்தைத் தடுத்தது; அதே போரில் பணியாற்றிய கறுப்பின வீரரும் வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர். அன்று வாங்கிய வீடு பிள்ளைகளுக்குச் சொத்தாயிற்று. வாங்க விடப்படாதாருக்கு அச்சொத்து இல்லாமற்போயிற்று. நுகர்வுச் செழுமையை மதிப்பிடுகையில், விற்ற பொருள்களோடு மூடிய கதவுகளையும் நாம் எண்ணுதல் வேண்டும்.