படைக்கல்லூரியும் இரசாயனப் பொறியியலும்

ஜவ்வாது மலையினின்று கல்வி நாடி வரும் மாணவர்க்குப் படைக்கல்லூரியிலேயே இரசாயனப் பொறியியற் பட்டமும் பெறலாகாதோ என்னும் எண்ணம் எழுதல் இயல்பே. கடக்வாசலாவிலுள்ள தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் மூன்றாண்டுப் பயிற்சிச் செலவை அரசாங்கமே ஏற்கின்றது. சாமை விதைத்துப் பிழைக்கும் தந்தைக்கு இஃது சிறிய உதவியன்று. ஆயின் ஆங்கு அளிக்கப்பெறும் பட்டங்களுள் இப்பொறியியல் இல்லை.

அமெரிக்காவில் வெஸ்ட் பாயிண்ட் கழகத்தில் அஃது உண்டு. எனினும் அங்குப் பயின்றோர் ஐந்தாண்டேனும் படையிற் பணியாற்றல் வேண்டும். அப்பணி பெரும்பாலும் வீரரை நடத்துதலே. ஆலையில் கலன்களின் அருகிருந்து முதிரவேண்டிய கைத்திறன் அவ்வைந்தாண்டில் துருவேறாதோ?

படைக்கு இவ்வித்தை வேண்டாததன்று. நீலகிரி அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலையில் நடப்பதை நோக்குக: பஞ்சிழையை நைட்ரிக், கந்தக அமிலங்களிற் பதப்படுத்துங்கால் வெப்பம் எல்லை கடப்பின் உயிருக்கே ஆபத்து. முதல் உலகப்போரில் கார்டைட்டுக்கு வேண்டிய அசிட்டோன் அருகியபோது, மாவுப்பொருளை நொதிக்கச்செய்து அதனைப் பெறும் வழியை அளித்த வைஸ்மான், மான்செஸ்டரில் ஆசிரியராயிருந்தவர், படைவீரரல்லர்.

ஆதலின் 1944இல் தோன்றிய சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி போன்றதொன்றில் முதலிற் பட்டம் பெறுதலே தக்கதென்போம். படைவேட்கை பின்னும் தணியாதார்க்கு, எப்பட்டதாரியும் எழுதத்தக்க தேர்வின் வழியே பரங்கிமலைப் பயிற்சிக் கழகத்தின் கதவு, வயதெல்லை கடவாமுன், திறந்தேயிருக்கும். தணிந்தார்க்கோ வேலை மலையடியிலேயே உளது: ஆம்பூர், வாணியம்பாடித் தோல்பதனிடும் சாலைகளின் கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்தமை நாமறிந்ததே.