4 உள்ளாட்சிகள் ஒன்றானது ஏன்? நெதர்லாந்து கிராமங்களில் என்ன நடக்குது?

நெதர்லாந்தின் வடகோடியில், கடலை ஒட்டி இருக்கிறது ஹெட் ஹோகலாண்ட். சுமார் 48 ஆயிரம் பேர் வசிக்கும் இந்த உள்ளாட்சி, 2019-க்கு முன்னாடி கிடையவே கிடையாது!

என்ன நடந்தது?
2019 ஜனவரி 1-ம் தேதி பெடும், டி மார்ன, ஏம்ஸ்மொண்ட், வின்சும் ஆகிய 4 உள்ளாட்சிகள் இணைக்கப்பட்டன.

ஏன் இணைச்சாங்க?
சிறார் நலச் சேவை, வீட்டிலேயே பராமரிப்பு, வேலையில்லாதோருக்கு உதவி என பெரிய பொறுப்புகளை 2015-ல் மத்திய அரசு உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. சுமார் 10 ஆயிரம் பேர் வாழும் பெடும் போன்ற இடங்களில் இதற்கான நிபுணர்களை வைத்துக்கொள்வது கஷ்டம். செலவு அதிகமான சில கேஸ்கள் வந்தாலே பட்ஜெட் ஆட்டம் கண்டுடும்.

எல்லா ஊரும் சேர்ந்ததா?
இல்லை. வின்சும் உள்ளாட்சியில் இருந்த எசிங்க, ஃபேர்வெர்ட், கார்ன்வெர்ட் ஆகிய 3 ஊர்கள் பக்கத்து வெஸ்டர்குவார்டியருடன் சேர்ந்தன.

மக்களுக்கு என்ன மாற்றம்?
ஊர்ப் பெயர்கள் அப்படியே இருக்கு. ஆனா 4 கவுன்சிலுக்குப் பதில் ஒரே கவுன்சில். சேவைக்கு பலம் கூடும். தெரிந்த கவுன்சிலரைப் பிடிச்சு குறை சொல்லும் வாய்ப்பு குறையும்.

1900-ல் நெதர்லாந்தில் 1,100-க்கும் மேல் இருந்த உள்ளாட்சிகள், 2023-ல் வெறும் 342!