2020இல் போட்ட கையெழுத்து என்ன ஆனது?



ரமலான் உணவுப் பொருள் பட்டியலைத் தேடி அலுவலகத்தின் பழைய பீரோவைத் திறந்தபோது, ரப்பர் பேண்டு போட்ட ஒரு காகிதக் கட்டு கீழே விழுந்தது. 2020 பிப்ரவரியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக நடந்த கையெழுத்து இயக்கத்தின் படிவங்கள் அவை, நிரப்பாமல் மிஞ்சியவை. உதவிக்கு வந்திருந்த கல்லூரிப் பிள்ளை ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, எஸ்டேட் எஸ்டேட்டாப் போய் வாங்கினீங்களே, சட்டம் அப்படியேதானே இருக்கு? அப்புறம் எதுக்கு இது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று அரிசி மூட்டை வந்துவிட்டதால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னோம். மீதியை இங்கே எழுதுகிறோம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். முறையான பயண ஆவணம் இல்லாமல் வந்தவரையும், அனுமதிக் காலம் முடிந்தும் தங்கியவரையும் 'சட்டவிரோதக் குடியேறி' என்கிறது நமது குடியுரிமைச் சட்டம். அப்படிப்பட்டவர் எத்தனை வருடம் இங்கே வாழ்ந்தாலும் குடியுரிமைக்கு மனுப் போட முடியாது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தக் கதவை இறுக்கிச் சாத்தியது. 2019 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம், அந்தக் கதவைச் சிலருக்கு மட்டும் திறந்தது. ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய 3 நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், ஜைனர், பார்சி, கிறிஸ்தவர் ஆகிய 6 பிரிவினர் இனிச் சட்டவிரோதக் குடியேறிகள் அல்லர் என்றது. அவர்கள் 11 வருடத்துக்குப் பதில் 5 வருடம் வசித்திருந்தால் போதும். சட்டம் 2020 ஜனவரி 10இல் அமலுக்கு வந்தது. விதிகள் 2024 மார்ச் 11இல்தான் வெளியாயின.

அந்தப் பட்டியலில் மதங்களில் இஸ்லாம் இல்லை. நாடுகளில் இலங்கை இல்லை. முதலாவதை நாம் எல்லோரும் உடனே கவனித்தோம். இரண்டாவதைக் கவனிக்க நமக்குச் சில வாரங்கள் ஆயின என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். இந்தச் சட்டம் எந்த இந்திய முஸ்லிமின் குடியுரிமையையும் தானாகப் பறிக்கவில்லை. அதன் வாசகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அச்சம் வந்தது வேறு இடத்திலிருந்து. அஸ்ஸாமில் 2019 ஆகஸ்ட் 31இல் வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் 19,06,657 பேர் விடுபட்டிருந்தார்கள். அதேபோல் நாடு முழுவதும் எடுத்தால், காகிதம் இல்லாத மற்ற மதத்தினருக்கு இந்தச் சட்டத்தில் ஒரு வழி இருக்கும், நமக்கு இருக்காது என்பதுதான் கவலை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் விட்டது நமது தவறு. 'எல்லோரையும் அனுப்பிவிடுவார்கள்' என்ற வாட்ஸ்அப் ஆடியோக்கள் அந்த இடைவெளியில்தான் புகுந்தன. சத்துமாவுப் பதிவுக்கு வந்த அங்கன்வாடி அம்மாவிடம் கூடப் பேர் சொல்ல மறுத்துக் கதவைச் சாத்திய வீடுகள் நம் மஹல்லாவில் இருந்தன. அந்த அம்மாவிடம் பிறகு நாங்கள் போய் மன்னிப்புக் கேட்டோம்.

அந்த நாட்களில் தமிழகம் எங்கும் என்ன நடந்தது என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சென்னை பெசன்ட் நகரில் கோலம் போட்டவர்களைப் போலீஸ் பிடித்துச் சென்றது. மறுநாள் ஊர் ஊராகக் கோலம் முளைத்தது. பிப்ரவரி 14 அன்று பழைய வண்ணாரப்பேட்டையில் தடியடி நடந்தது. அதன்பின் அங்கே பெண்கள் இரவு பகலாக உட்கார்ந்தார்கள், கொரோனா வந்து எழுப்பும் வரை. மலைமேல் நமக்கு அப்படி உட்கார வசதியில்லை. மழையும் அட்டையும் ஒருபுறம், காலை எட்டு மணிக்குக் கொழுந்து பறிக்க இறங்க வேண்டிய மக்கள் மறுபுறம். எனவே நமக்கு வாய்த்தது கையெழுத்துதான். பிப்ரவரி 2 முதல் 8 வரை திமுக கூட்டணிக் கட்சிகள் மாநிலம் முழுக்க நடத்திய இயக்கத்தின் படிவங்களைக் கேட்டு வாங்கினோம். நமது அறக்கட்டளை எந்தக் கட்சியையும் சார்ந்ததல்ல. இதில் மட்டும் சேர்ந்தோம். மாநிலம் முழுவதிலுமிருந்து 2 கோடிக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் குடியரசுத் தலைவருக்குப் போயின.

லைன் வீடுகளில் படிவத்தோடு போனபோது ஒரு பாட்டியம்மாவைச் சந்தித்தோம். டேன்டீ தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நம் பிள்ளைகள் விளக்கம் சொல்லத் தொடங்கியதுமே, "தம்பி, இந்தப் பாரமெல்லாம் எங்கப்பா காலத்துலயே நாங்க பாத்ததுதான்" என்று சிரித்தார். அவர் பிறந்தது இலங்கையில் ஹட்டன் பக்கம். 1970களில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கி, மலைக்கு வந்தவர். அவருடைய தம்பி மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். 1990இல் சண்டைக்குப் பயந்து படகில் வந்தார். இன்று ஆழியாறு பக்கம் உள்ள முகாமில் இருக்கிறார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் அக்கா இந்தியக் குடிமகள், தம்பி சட்டவிரோதக் குடியேறி. நடுவில் இருப்பது 40 கொண்டை ஊசி வளைவு.

நம்மில் பலர் இந்த இரண்டு வகையினரையும் ஒன்றாகவே நினைக்கிறோம். 1964 அக்டோபரில் செய்த சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதாகவும் பங்கு பிரித்தார்கள். அப்படி வந்தவர்கள் தாயகம் திரும்பியோர். அவர்கள் இந்தியக் குடிமக்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டு, 1976இல் டேன்டீ கழகமானது. 1983 கலவரத்துக்குப் பின் வந்தவர்கள் அகதிகள். தம்பியின் பிள்ளைகள் 1990களில் தமிழ்நாட்டில்தான் பிறந்தார்கள், தமிழ்நாட்டுப் பள்ளியில்தான் படித்தார்கள். ஆனாலும் சட்டப்படி குடிமக்கள் இல்லை. காரணம் பிறந்த தேதி. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன் வரை இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் கடுமை: இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாக இருந்து மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதிருக்க வேண்டும். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இந்த முதல் விதியைக் காட்டி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பாஸ்போர்ட் உத்தரவு பெற்று, 2024 தேர்தலில் வாக்களித்தார். சில வருடம் கழித்துப் பிறந்திருந்தால் அவருக்கும் இல்லை.

பாட்டியம்மா சொன்ன 'அப்பா காலத்துப் பாரம்' என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவரின் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

1948இல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியது. தந்தையாவது, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனுமாவது அந்தத் தீவில் பிறந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். தோட்டத்துக் கூலி மக்களிடம் ஏது பிறப்புச் சான்று? தேயிலையும் காப்பியும் நட்டு மலையை உருவாக்கிய லட்சக்கணக்கான பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானார்கள். மறு வருடம், மனுப் போட்டுக் குடியுரிமை கேட்கலாம் என்று ஒரு சட்டம் வந்தது. இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் என்பது அதன் பெயர். ஆகவே அங்கிருந்த நம்மவர்களும் அதற்குள் வருவார்கள். மலையகத் தலைவர்கள் முதலில் அதைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். கோபம் நியாயமானதுதான், ஆனால் காலம் போய்விட்டது. பிறகு மனம் மாறி, 1951 ஆகஸ்ட் கெடுவுக்குள் இரவு பகலாக எழுதியதில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மனுப் போனது. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. எழுத்துப் பிழை, தேதிப் பிழை, வந்து ஆஜராகவில்லை என்றெல்லாம் தள்ளப்பட்டன.

1952இல் தொண்டமான் தலைமையில் சத்தியாகிரகம் நடந்தது. உடனடிப் பலன் இல்லை. 1986 பொங்கலன்று இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் வேறு வழி பிடித்தது. தோட்டத்து மக்கள் காலையில் வேலைக்கு இறங்காமல் கூடிப் பிரார்த்தனை செய்தார்கள். வேலைநிறுத்தம் என்று பெயர் இல்லை, ஆனால் கொழுந்து முற்றிப் போகும். துஆவையே போராட்டமாக்கிய இந்த யோசனையைப் படித்தபோது நமக்கு வியப்பாக இருந்தது. அதே வருடமும் 1988இலும் புதிய சட்டங்கள் வந்தன. எஞ்சியவர்களுக்காக 2003இல் இறுதிச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததோடு அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. அந்த நவம்பரில் தொழிற்சங்கமும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் சேர்ந்து தோட்டந்தோட்டமாக நடமாடும் குழுக்களை அனுப்பிப் படிவம் நிரப்பிக் கொடுத்தன. பத்து நாட்களில் சுமார் 1,90,000 பேர் குடிமக்களானார்கள். 1948 முதல் எண்ணினால் 55 வருடம்.

நமது கையெழுத்துக்கு இப்போது ஆறு வருடம் ஆகிறது. சட்டம் இருக்கிறது, உண்மை. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. வழக்குகளில் இறுதித் தீர்ப்பு வரவில்லை. ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பெற்றோர் பிறந்த இடம், தேதி கேட்கும் மக்கள்தொகைப் பதிவேட்டுப் பணியைத் தொடங்கவில்லை என்று 2020 மார்ச்சில் அன்றைய மாநில அரசே சொல்ல வேண்டி வந்தது. 2021 செப்டம்பர் 8இல் சட்டமன்றம் திருத்தத்தை ரத்துச் செய்யக் கோரித் தீர்மானம் போட்டது, முதல்வர் மு.க. ஸ்டாலின் இலங்கைத் தமிழர் விடுபட்டதையும் அதில் எடுத்துச் சொன்னார். 2025 செப்டம்பரில் புதிய குடிவரவு, வெளிநாட்டினர் சட்டம் அமலானபோது, 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு அதன் தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. அது குடியுரிமை அல்ல. பாட்டியம்மாவின் தம்பி இனிச் சிறைக்கு அஞ்ச வேண்டியதில்லை. வாக்குச் சாவடிக்கும் போக முடியாது. அவ்வளவுதான்.

முகாம்வாசிகள் விஷயம் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். வந்தவருக்கு வீட்டில் பாதி கொடுத்த மதீனாவாசிகளின் வரலாற்றை மிம்பரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தவிரவும், நம் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிக்குமேல் தோட்டத்து இந்து, கிறிஸ்தவ மக்கள். அவர்கள் நம்மிடம் அப்படிக் கேட்கவில்லை.

இப்போது நம் வீட்டுக் காகிதங்களுக்கு வருவோம். ஆதார் குடியுரிமைச் சான்று அல்ல. அட்டையிலேயே அப்படி அச்சிட்டிருக்கிறார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் பள்ளிச் சேர்க்கை முதல் எல்லாவற்றுக்கும் ஆதாரம். ஒரு வருடத்துக்குமேல் தாமதமானால் மேல் அதிகாரியின் உத்தரவு வேண்டும். பொள்ளாச்சிக்கு நடையாய் நடக்க வேண்டிவரும். 21 நாட்களுக்குள் பதிந்துவிட்டால் செலவே இல்லை. நம் வீடுகளின் தனி வியாதி பெயர் எழுத்துதான். நிக்காஹ் தஃப்தரில் 'பீவி', ரேஷன் அட்டையில் 'பீபி', பள்ளிச் சான்றில் அதுவும் இல்லை. முகமது என்ற பெயரை ஒரே குடும்பத்தில் நான்கு விதமாக எழுதிய அட்டைகளைப் பார்த்தோம். சென்ற நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தபோது இதன் வலி தெரிந்தது. மாநில வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. ஒரு எஸ்டேட்டிலிருந்து இன்னொன்றுக்கு வீடு மாறியவர்கள் தங்கள் பெயரை உடனே சரிபாருங்கள். இல்லையென்றால் படிவம் 6 கொடுக்கலாம். ஆனால் தேர்தல் நெருங்கும்போது அதற்குக் கடைசித் தேதி உண்டு.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாக வருபவர்களுக்கு முழு விவரமும் கொடுங்கள். அது 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி நடப்பது. தனி மனிதர் விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. யாராவது பெற்றோர் பிறந்த ஊரைக் கேட்டால், எந்தப் படிவம் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நமக்குச் சொல்லுங்கள். கதவைச் சாத்த வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லுஹர் தொழுகைக்குப் பின் அஸர் வரை அலுவலகத்தில் படிவம் நிரப்பிக் கொடுக்கிறோம். தோட்டத்து மக்களும் வரலாம், முகாமிலிருந்து வந்தாலும் சரி. அந்தக் கல்லூரிப் பிள்ளையும் இன்னும் இரண்டு பேரும் எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அசலோடு ஒரு நகலும் கொண்டு வாருங்கள். மழை நாளில் கரண்ட் போனால் ஜெராக்ஸ் கிடைப்பதில்லை.