பழைய பிக்கப் வண்டிகளில் உதிரிப்பாகத் தெரிவு

பழைய பிக்கப் வண்டிகளில் உதிரிப்பாகத் தெரிவு என்பது, நெடுந்தொலைவு ஓடித் தேய்ந்த ஒரு வண்டியில் எந்தப் பாகங்களை முதலில் மாற்றுவது, எவற்றைத் தள்ளிப்போடுவது, எவற்றை மாற்றாமலே விடுவது என முடிவு செய்யும் முறை ஆகும். முன்புறம் ஓட்டுநர் அறையும் பின்புறம் திறந்த சுமைத்தட்டும் கொண்ட பிக்கப் வண்டி, ஐக்கிய அமெரிக்காவில் மிகப் பரவலாகப் பயன்படும் ஊர்திகளுள் ஒன்றாகும். அங்கு 1,00,000 மைல், அதாவது ஏறத்தாழ 1,60,000 கிலோமீட்டர் தாண்டிய வண்டியைப் பொதுவாகக் கூடிய மைலேஜ் வண்டி என்பர். தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் மைலேஜ் என்பது ஒரு லிட்டர் எரிபொருளில் வண்டி ஓடும் தொலைவைக் குறிக்கும். இங்கோ வண்டி இதுவரை ஓடிய மொத்தத் தொலைவே கருதப்படுகிறது.

அடிப்படைக் கருத்து

பழைய பாகங்கள் அனைத்தும் விரைவில் பழுதாகும், ஆகவே வரிசையாக மாற்றிவிடுவதே நல்லது என்பது பரவலான எண்ணம். இது எப்போதும் சரியன்று. யுனைட்டட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நௌலன், ஹீப் ஆகிய பொறியாளர்கள் வானூர்திப் பராமரிப்பு பற்றி 1978 இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அதன்படி, ஆராயப்பட்ட பாகங்களில் ஏறத்தாழ 11 விழுக்காடு மட்டுமே, பயன்பாட்டுக் காலம் கூடக்கூடப் பழுது வாய்ப்பும் கூடும் இயல்பைக் காட்டின. 68 விழுக்காட்டுப் பாகங்களில், புதிதாகப் பொருத்தியவுடன் பழுது வாய்ப்பு மிகுந்திருந்து பின்னர் குறைந்தது.

வண்டிக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தா. பிரேக் பட்டை, ரப்பர்க் குழாய், பெல்ட் போன்றவை உறுதியாகத் தேய்பவை. எனினும் அடிப்படைப் பாடம் பொருந்தும்: நன்கு இயங்கும் பாகத்தைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவதிலும் இடர் உண்டு. எனவே பாகத்தின் வயதையோ விலையையோ விட, அது பழுதானால் என்ன நேரும் என்பதே முதன்மையான அளவுகோல்.

கேட்க வேண்டிய வினாக்கள்

1. இப்பாகம் ஓட்டத்தின்போது முறிந்தால் உயிருக்கு ஆபத்து உண்டா?
2. முறிவதற்கு முன் ஒலி, கசிவு, அதிர்வு போன்ற அறிகுறி தோன்றுமா?
3. இது பழுதானால் விலை கூடிய வேறு பாகத்தையும் கெடுக்குமா?
4. இதை அடைய எவற்றையெல்லாம் கழற்ற வேண்டும்?

விலை பற்றிய கேள்வி இந்நான்குக்கும் பின்னரே வரும்.

பாக வகைகள்

பாதுகாப்புப் பாகங்கள்: பிரேக், ஸ்டியரிங், முன் சக்கரத் தாங்கமைப்பு, டயர் ஆகியன முதலிடம் பெறும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 3 வகை எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசு. ஈரம் ஏறியபின் அது 140 பாகை வரை இறங்கலாம். எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதியை அழுத்தினாலும் பிரேக் பிடிக்காது. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டராகக் குறையும்போது அதிலுள்ள தேய்வுக் குறிகள் மேற்பரப்போடு சமமாகும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கிலக்க எண் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் காட்டும். எடுத்துக்காட்டாக, 2319 என்பது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் ஆகும்.

எஞ்சினைக் காப்பவை: ரேடியேட்டர், அதன் குழாய்கள், தெர்மோஸ்டாட், நீர் பம்ப் ஆகியன விலை குறைந்தவை. ஆனால் இவற்றுள் ஒன்று பழுதாகி எஞ்சின் மிகைச்சூடு அடைந்தால், சிலிண்டர் தலைப்பகுதி வளைந்து பெருஞ்செலவு வைக்கும்.

வழியில் நிறுத்துபவை: ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், எரிபொருள் பம்ப் போன்றவை. இவை பெரும்பாலும் சிரமத்தைத் தரும், வேறு பாகங்களைக் கெடுப்பதில்லை. அறிகுறி தோன்றும்வரை காத்திருக்கலாம்.

வசதிப் பாகங்கள்: இருக்கை, குளிரூட்டி, சன்னல் மோட்டார் ஆகியன. இவை இறுதியில் வருவன.

எடுத்துக்காட்டு: டொயோட்டா டகோமா

1995 முதல் 2004 வரையிலான மாதிரி ஆண்டுகளைச் சேர்ந்த முதல் தலைமுறை டகோமா, நெடுங்காலம் உழைக்கும் வண்டி எனப் பெயர் பெற்றது. இதன் 3.4 லிட்டர் வி6 எஞ்சினில் டைமிங் பெல்ட் உள்ளது. அதை 90,000 மைலுக்கு, அதாவது சுமார் 1,45,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 2.4, 2.7 லிட்டர் எஞ்சின்களில் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி உள்ளதால் அத்தகைய கால எல்லை இல்லை. ஒரே வண்டியாயினும் எஞ்சினைப் பொறுத்துப் பட்டியல் மாறுகிறது.

மேற்கூறிய வி6 எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வண்டி நின்றுவிடும். ஆனால் வால்வுகள் பிஸ்டனில் மோதாத அமைப்பு இது. முன் சக்கரத்தின் கீழ் பால் ஜாயின்ட் கழன்றாலோ சக்கரம் மடங்கி, ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழக்க நேரிடும். 2005 ஆம் ஆண்டில் இப்பாகத்தின் குறைபாட்டுக்காக டகோமா உள்ளிட்ட சில மாதிரிகளில் ஏறத்தாழ 7,75,000 வண்டிகளை டொயோட்டா திரும்ப அழைத்தது. உரிமையாளர் பெரிதும் அஞ்சுவது பெல்ட்டுக்கு எனினும், முதலில் சோதிக்க வேண்டியது பால் ஜாயின்ட்டே.

இவை இரண்டுக்கும் முன்னர்ப் பார்க்க வேண்டியது அடிச்சட்டகம். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் இது உள்ளிருந்து துருப்பிடிக்கும். 1995 முதல் 2000 வரையிலான டகோமாக்களின் சட்டகத் துருவுக்கு 15 ஆண்டு உத்தரவாதம் அளிப்பதாக டொயோட்டா 2008 இல் அறிவித்தது. அக்காலம் முடிந்துவிட்டது. சுத்தியலால் தட்டும்போது சட்டகம் உள்வாங்கினால், அவ்வண்டிக்குப் புதிய பாகம் எதுவும் வாங்குவதில் பயனில்லை.

கூட்டு மாற்றம்

சில பாகங்களின் விலையை விட அவற்றை அடையும் உழைப்புக்கே செலவு கூடுதல். மேற்கண்ட வி6 எஞ்சினில் நீர் பம்ப்பை இயக்குவது டைமிங் பெல்ட்டே. பெல்ட்டை மாற்றும்போது பம்ப், இழுவிசைக் கப்பி, எண்ணெய் சீல்கள் ஆகியவற்றையும் மாற்றினால் அதே உழைப்புக்கு இருமுறை கூலி கொடுக்க வேண்டியதில்லை. இவ்வாறே கிளட்ச் தட்டை மாற்றும்போது அதன் பேரிங்கையும் சேர்த்து மாற்றுவது வழக்கம்.

ஊகத்தின்பேரில் மாற்றுதல்

அமெரிக்காவில் 1996 மாதிரி ஆண்டு முதல் விற்கப்பட்ட பெட்ரோல் பிக்கப் வண்டிகளின் கணினியில் பழுதுக் குறியெண்களைப் படிக்கலாம். ஆனால் குறியெண் ஓர் அறிகுறியே அன்றி, மாற்ற வேண்டிய பாகத்தின் பெயர் அன்று. பி0420 என்னும் குறியெண் வினையூக்கி மாற்றியின் திறன் குறைந்ததைச் சுட்டும். புகைக்குழாயில் உள்ள கசிவாலும் இதே குறியெண் தோன்றலாம். சோதிக்காமல் மாற்றியை வாங்குவோர், பெருந்தொகை செலவிட்ட பின்னும் அதே விளக்கு எரிவதைக் காண்பர்.

செலவின் எல்லை

பழுதுச் செலவை வண்டியின் விற்பனை விலையோடு மட்டும் ஒப்பிடுவது போதாது. 4,000 டாலர் பெறும் வண்டிக்கு 1,500 டாலர் செலவிடுவது மிகையாகத் தோன்றலாம். ஆனால் அச்செலவால் வண்டி மேலும் இரண்டு ஆண்டுகள் உழைக்குமாயின், மாதச் செலவு 63 டாலருக்கும் குறைவே. அடிச்சட்டகம் உறுதியாக இருக்கும்வரை இக்கணக்கு பொருளுடையது. சட்டகம் கெட்டபின் பொருந்தாது.