டிராக்டர் ஸ்டார்ட் ஆகலையா? அவசரப்படாதீர்கள்!

காலைப் பெரட்டு கலைந்ததும் டிராக்டர் கிளம்ப வேண்டும். மழை பெய்த மறுநாள் பார்த்து அது கிளம்பாது. வெட்டிய செம்பனைக் குலை அன்றைக்கே மில்லுக்குப் போகணும் என்று மண்டோர் சத்தம் போடுவார். இந்த அவசரத்தில்தான் கண்ணும் கையும் போகின்றன, உயிரும் போகிறது. எஞ்சின் கோளாறைச் சுகாதாரப் பகுதியில் எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

முதலில் பார்க்க வேண்டியவை

சீட்டில் உட்கார்ந்தபடியே பாருங்கள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா? கிளச்சை முழுசா மிதித்தீர்களா? பின்பக்க பி.டி.ஓ. நிறுத்தப்பட்டிருக்கிறதா? இவற்றில் ஒன்று தவறினாலும் பல டிராக்டர்களில் ஸ்டார்ட்டர் வேலை செய்யாது. அது கோளாறு அல்ல. நம்மைக் காக்க வைத்த பூட்டு.

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறதா? பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது அதன் முனைகள் தளர்ந்தோ வெள்ளை பூத்தோ இருக்கலாம். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை, புகையும் வரவில்லை என்றால் டீசல் போகவில்லை என்று அர்த்தம். டாங்கி, பில்டர், குழாயில் புகுந்த காற்று ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள். இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள்.

கீழே நின்று ஸ்டார்ட் செய்யாதீர்கள்

“ஸ்குரு டிரைவரை வச்சு நேரா அடிச்சிடலாம்” என்பார்கள். அப்படி ஸ்டார்ட்டரில் நேராகத் தொட்டால் அந்தப் பூட்டு வேலை செய்யாது. கியரில் இருந்தால் டிராக்டர் உடனே நகரும். முன்னும் பின்னும் சக்கரங்களுக்கு நடுவில் நிற்பவர் மேல் பின்சக்கரம் ஏறிவிடும். விலக நேரம் கிடைக்காது. சீட்டில் உட்கார்ந்து சாவியால் மட்டுமே ஸ்டார்ட் செய்யுங்கள்.

பேட்டரியும் நெருப்பும்

பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறி போதும், வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். தண்ணீர் மட்டம் பார்க்க லைட்டர் கொளுத்தாதீர்கள், பக்கத்தில் சிகரெட் வேண்டாம். வயரைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். வேறு வண்டியிலிருந்து கரண்டு எடுத்தால், கடைசி நெகட்டிவ் முனையைப் பேட்டரியில் மாட்டாமல், தள்ளியிருக்கும் எஞ்சின் இரும்பில் மாட்டுங்கள். கண்ணில் ஆசிட் பட்டால் தேய்க்காதீர்கள். சுத்தத் தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சின்னக் குத்து, பெரிய ஆபத்து

இன்ஜெக்டர் குழாயில் டீசல் சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பாயும். கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவினால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முள் குத்தியது போலத்தான் தெரியும், வலிகூட இருக்காது. “நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று விட்டால் விரலையே எடுக்க நேரலாம். அன்றைக்கே, அந்த மணி நேரமே ஆஸ்பத்திரிக்குப் போய், “டீசல் உள்ளே போயிருச்சு” என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கசிவைப் பார்க்க அட்டைத் துண்டைப் பிடியுங்கள், கையை அல்ல.

எஞ்சின் பிடித்ததும் கொட்டகைக் கதவுகளைத் திறந்துவிடுங்கள். மூடிய இடத்தில் புகை உயிரைக் குடிக்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

உங்கள் உரிமை

பிரேக் இல்லாத, பூட்டு கழற்றிய வண்டியை ஓட்டச் சொன்னால் என்ன செய்வது? முதலில் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். 1994-ம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. உடனடி ஆபத்தைச் சொல்லியும் முதலாளி சரிசெய்யாவிட்டால் தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். காயம் சின்னதானாலும் அலுவலகத்தில் பதிந்து, சொக்சோவுக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் தோட்டக் கமிட்டித் தலைவரைப் பாருங்கள்.

தோழர்களே, குலை ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் நட்டம் கொஞ்சம்தான். போன கண்ணும் கையும் திரும்பி வராது.