ஒரு சைஸ் பெரிய வயலின்

மகள் நாலாம் வகுப்புக்குப் போன செப்டம்பரில் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொடுத்துவிட்டார்கள். ஆர்கெஸ்ட்ராவில் சேர விருப்பமா? வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ், இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும். வகுப்பு பள்ளி நேரத்திலேயே நடக்கும், கருவி மட்டும் உங்கள் பொறுப்பு.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். இங்கே நிறையப் பள்ளிகளில் நாலாவதிலோ ஐந்தாவதிலோ இது ஆரம்பிக்கும். மகள் வயலினுக்கு டிக் அடித்தாள். நான் அன்று ராத்திரியே இணையத்தில் இருப்பதிலேயே மலிவாக ஒன்றை ஆர்டர் செய்தேன். 3/4 சைஸ். அவளுக்கு அப்போது ஒன்பது வயசு, 1/2 போதும் என்று பட்டியலில் போட்டிருந்தது. ஆனா வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா வாங்கினா ரெண்டு வருஷம் ஓடும்னு கணக்குப் போட்டேன். எங்க வீட்டில் யூனிஃபார்ம் அப்படித்தான் எடுப்பார்கள், கீழே மடித்துத் தைத்து வருஷா வருஷம் பிரித்து விடுவார்கள்.

ஆறு வாரம் கழிச்சு ஒரு சாயங்காலம் அவள் வயலினைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, "எனக்கு மியூசிக் வராதுப்பா"ன்னு சொன்னாள். அழவில்லை. கணக்கில் ஒரு விடையைச் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அதுவரை அந்த அறையிலிருந்து வந்த சத்தத்தை வைத்து நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அவளுடைய ஆசிரியைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வரச் சொன்னார். வயலினை மகள் தோளில் வைத்து, இடது கையை நீட்டச் சொன்னார். "பாருங்க, கை முழுசா விறைச்சு நிக்குது. இது அவளுக்குப் பெரிசு." அப்புறம் கம்பியைச் சுருதி சேர்க்கப் பார்த்தார். பிரடையைத் திருகிவிட்டுக் கையை எடுத்ததும் அது தானாகக் கழன்று பழைய இடத்துக்கே வந்தது. மூன்று முறை முயற்சி செய்துவிட்டு, "இதுல நானே வாசிக்க முடியாது" என்றார்.

அதற்குப் பிறகு நான் படித்ததும், கேட்டுத் தெரிந்துகொண்டதும், கண்ணால் பார்த்ததும் கீழே.

முதலில் அளவு. வயலினில் 1/2 என்றால் பாதி நீளம் இல்லை. முழு அளவு வயலினின் உடல் சுமார் 14 அங்குலம், 3/4 சுமார் 13, 1/2 சுமார் 12 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். வித்தியாசம் ஒரு அங்குலம்தானே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் கம்பியில் ஒரு முழு ஸ்வரம் மேலே போக, கம்பி நீளத்தில் சுமார் ஒன்பதில் ஒரு பங்கு தள்ளி விரல் வைக்க வேண்டும். கம்பி நீளமானால் ஒவ்வொரு விரலுக்கும் நடுவில் உள்ள தூரமும் கூடும். சின்னக் கை அந்தத் தூரத்துக்கு எட்டாது. விரல் கொஞ்சம் முன்னாலேயே விழும், சுருதி இறங்கும். குழந்தை காது சரியாகத்தான் கேட்கிறது, கைதான் போய்ச் சேரவில்லை. எட்டிப் பிடிக்கப் பார்த்தால் மணிக்கட்டு மடங்கும், தோள் வலிக்கும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வயலினைத் தாடைக்குக் கீழே வைத்து, இடது கையை அதன் கீழாக நீட்டச் சொல்லுங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்கும்போதே விரல்கள் நுனியில் உள்ள சுருளைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். கை நேராக விறைத்தால்தான் எட்டுகிறது என்றால் ஒரு சைஸ் குறையுங்கள். இரண்டு சைஸுக்கு நடுவில் இருந்தால் சின்னதையே எடுங்கள். 

அடுத்தது கருவியின் நிலை. வயலினில் குதிரையை ஒட்டுவதில்லை. கம்பிகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கிறது. உள்ளே சின்னதாக ஒரு மரக்குச்சி, அதுவும் அழுத்தத்தில்தான் நிற்கிறது. பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் அந்தக் குச்சிக்கு 'ஆன்மா' என்றே பெயர். எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் குதிரை சாயும், குச்சியும் விழலாம். மலிவான வயலின்களில் குதிரையைச் செதுக்காமல் உயரமாகவே விட்டிருப்பார்கள். கம்பி மேலே நிற்கும், அழுத்தினால் விரல் நுனி வலிக்கும். பிரடைகள் துளைக்குச் சரியாகப் பொருந்தாது. நான் வாங்கியதில் இத்தனையும் இருந்தன. சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று விசாரித்தேன், வாங்கின விலையை விட அதிகம்.

அதனால்தான் இங்கே வாடகைக்கு எடுப்பது வழக்கம். கடைக்காரரிடம் நான் கேட்ட கேள்விகள்: கை வளர்ந்ததும் அடுத்த சைஸ் மாற்றித் தருவீர்களா? உடைந்தால் யார் செலவு? கட்டுகிற வாடகை பின்னால் வாங்கும்போது விலையில் கழியுமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தவணையில் வயலின் கொடுத்துப் பள்ளியிலேயே கூட்டமாகச் சொல்லித்தருவது நூறு வருஷத்துக்கும் மேலான ஏற்பாடு. இங்கிலாந்தில் மெய்ட்ஸ்டோன் என்ற ஊரில் 1890களின் கடைசியில் ஆரம்பித்தது. கருவி விற்கும் ஒரு கம்பெனி, சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தவணையில் வயலின் கொடுத்து வகுப்பும் நடத்தியது. பாஸ்டனைச் சேர்ந்த ஆல்பர்ட் மிட்செல் என்ற ஆசிரியர் 1910இல் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, பாஸ்டன் பள்ளிகளில் வயலின் வகுப்பு ஆரம்பித்தார்.  மகள் கொண்டுவந்த அந்தத் தாள் அந்த வழியில் வந்ததுதான்.

இனி சத்தம். வில்லில் இருப்பது குதிரை வால் முடி. ரோசின் என்பது பைன் மரப் பிசினிலிருந்து எடுப்பது. அதைத் தேய்க்காத புது வில்லை எவ்வளவு இழுத்தாலும் சத்தமே வராது. தேய்த்த பிறகு முடி கம்பியை ஒட்டி இழுக்கும், தாங்காமல் கம்பி வழுக்கித் திரும்பும், மறுபடி ஒட்டும். 'ஏ' கம்பியில் இந்த ஒட்டலும் வழுக்கலும் ஒரு வினாடிக்கு 440 தடவை நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார். வில்லின் அழுத்தம் ஒரு மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் நடுவில் இருந்தால்தான் நல்ல நாதம் வரும் என்று 1973இல் ஜான் ஷெல்லெங் ஒரு வரைபடமாகப் போட்டுக் காட்டினார். அதிகமானால் கரகரப்பு, குறைந்தால் கீச்சென்ற விசில்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் இருப்பது அபார்ட்மென்ட். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று தினமும் "மெல்ல வாசி அம்மு"ன்னு சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளும் சொன்னபடி வில்லைப் பூ மாதிரி வைத்தாள். அழுத்தம் கீழ் எல்லைக்கும் கீழே போனது, கீச்சுச் சத்தம் கூடியது. சத்தம் கூடக் கூட நான் இன்னும் மெல்ல என்றேன். பக்கத்து வீட்டில் பேசி, சாயங்காலம் ஆறிலிருந்து ஆறேகால் வரை பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். அன்றிலிருந்து "தைரியமா இழு"ன்னு சொல்ல ஆரம்பித்தேன்.

வீட்டில் பெற்றோர் செய்யக்கூடியவை இன்னும் சில:

வாசித்து முடித்ததும் வில்லின் திருகைத் தளர்த்த வேண்டும். வில்முடியைக் கையால் தொடக் கூடாது, எண்ணெய் பட்டால் ரோசின் பிடிக்காது.

முதல் வருஷம் சுருதி சேர்ப்பது நம் வேலை. ஃபோனில் ட்யூனர் போதும். வயலினுக்குத் தடித்த கம்பியிலிருந்து ஜி, டி, ஏ, ஈ. சின்ன வித்தியாசத்துக்குக் கீழே உள்ள சின்னத் திருகுகளைத் திருப்புங்கள். பிரடையைத் தொட வேண்டி வந்தால் உள்ளே தள்ளிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஈ கம்பி மெல்லியது, நான் ஒன்றை அறுத்திருக்கிறேன். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் மரம் காய்ந்து பிரடை தானே கழலும். அது குழந்தை தப்பில்லை.

தினமும் பத்து நிமிஷம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தை விட மேல்.

முடிந்தால் நீங்களும் வில்லைப் பிடித்துப் பாருங்கள். ஜப்பானில் ஷினிச்சி சுஸுகி தன் முறையில் பெற்றோரையும் கற்றுக்கொள்ள வைத்தார். நான் பிடித்ததும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "கட்டை விரலை மடக்குப்பா, கத்தி மாதிரி பிடிக்காத." அன்றைக்குத்தான் ஆறு வாரத்தில் முதல் தடவையாகப் பெட்டியைத் தானாகத் திறந்தாள்.

ஊரிலிருந்து அம்மா ஃபோனில், "அப்படியே கர்நாடகமும் சேர்த்து விட்டுடேன்" என்றாள். கருவி ஒன்றுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியக் கலைஞரிடம் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்த அதே வயலின்தான். பள்ளியில் முதலில் சொல்லித்தரும் டி மேஜர் ஸ்வர வரிசையும், டியை ஸட்ஜமாக வைத்துப் பாடினால் நம் சங்கராபரணம்தான். ஆனால் நாம் தரையில் உட்கார்ந்து, சுருளை வலது கணுக்காலில் தாங்கி, ஸ-ப-ஸ-ப என்று சுருதி சேர்க்கிறோம். பிடிப்பே வேறு. ஒரு பிடிப்பு கைக்குப் பழகட்டும், ஒரு வருஷம் போகட்டும்மா என்று சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவுக்குத் திருப்தியில்லை.

மே மாசம் பள்ளியில் கச்சேரி. முப்பது பிள்ளைகள் சேர்ந்து நாலைந்து சின்னப் பாட்டு வாசித்தார்கள். சுருதி அங்கங்கே முன்னே பின்னே இருந்தது. மகள் இரண்டாவது வரிசையில், வாடகை 1/2 வயலினோடு, முழு வில்லையும் இழுத்து வாசித்தாள்.

இந்த ஆகஸ்டில் கடையில் 3/4க்கு மாற்றிக் கொடுத்தார்கள். அவளே கையை நீட்டி, சுருளைப் பிடித்து, முழங்கை மடங்குகிறதா என்று பார்த்துவிட்டு "இப்ப சரியா இருக்குப்பா" என்றாள். நான் வாங்கின 3/4 இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அதற்குரிய வயசு இப்போது வந்துவிட்டது, பிரடைதான் நிற்காது. உங்கள் வீட்டுக்கும் அந்தத் தாள் வந்தால், ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.