கரிசல் தூசியும் பழைய காரின் கார்புரேட்டரும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் கிராமங்களில் பழைய பெட்ரோல் அம்பாஸிடர் கார்கள் இன்றும் சில ஓடக் காணலாம். வங்காளத்து உத்தர்பாடாவில் அவ்வண்டியின் உற்பத்தி 2014-ஆம் வருஷத்தோடு நின்றுபோயிற்று. ஆயினும் அதை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்திற்கு அது ஒரு ஜோடி உழவு மாட்டிற்குச் சமானம். வண்டி முனகினால், "கார்புரேட்டர் போய்விட்டது" என்று யாரோ சொல்லுகிறார்கள். உடையவர் கடன் வாங்கிப் புதிது பூட்டுகிறார். வண்டி முன்போலவே முனகுகிறது. கடன் மாத்திரம் மிஞ்சுகிறது. பழுதை முதலில் கண்டு பிறகு பணத்தை எடுப்பவருக்கு இந்த நஷ்டம் வராது.

வேலை செய்யும் விதம்

பெட்ரோல் காற்றுடன் கலந்தாலன்றி இயந்திரத்திற்குப் பயன்படாது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். கார்புரேட்டரில் உள்ள சிறு கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கிறது. அதில் மிதக்கும் மிதவை, மட்டம் உயர்ந்ததும் ஊசி வால்வை அடைக்கிறது; தாழ்ந்ததும் திறக்கிறது. இயந்திரம் இழுக்கும் காற்று இடை சிறுத்த குழாயின் வழியே விரைந்து செல்லுகையில், ஜெட் என்னும் நுண்துளையினூடே பெட்ரோலைத் துளியாக உறிஞ்சிக்கொண்டு போகிறது. துளை அடைந்தால் கலவை மெலியும். வால்வு ஒழுகினால் கலவை மிகும். பழுதுகளில் பெரும்பாலானவை இவ்விரண்டில் அடங்கும்.

பழுதைக் கண்டறிதல்

முதலாவதாக, ஸ்பார்க் பிளக்கையும் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டையும் பார்க்கவேண்டும். கார்புரேட்டரின்மேல் சுமத்தப்படும் குற்றம் பல சமயங்களில் இவற்றைச் சேர்ந்ததே. பிளக்கின் முனை காய்ந்த கரியாயிருந்தால் பெட்ரோல் அதிகம்; வெளுத்திருந்தால் குறைவு; வெளிர் பழுப்பாயிருந்தால் கலவை சரி.

இரண்டாவதாக, பெட்ரோல் வந்து சேருகிறதா என்று பார்க்கவேண்டும். இயந்திரம் ஆறியபின், இக்னிஷன் காயிலுக்கு வரும் கம்பியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் குழாயை ஒரு புட்டியில் விட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றினால், பெட்ரோல் விட்டுவிட்டுப் பீறிட வேண்டும். வராவிட்டால் குற்றம் பம்பிலோ குழாயிலோ டாங்கியிலோ இருக்கிறது.

மூன்றாவதாக, குறியைக் கவனிக்கவேண்டும். பெட்ரோல் வழிந்தால் ஊசி வால்வோ மிதவையோ பழுது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி தயங்கினால் ஆக்ஸிலரேட்டர் பம்பு. ஸ்லோவில் நில்லாவிட்டால் சிறு ஜெட்டின் அடைப்பு, அல்லது அடிப்பாகத்தில் காற்றுக் கசிவு. சித்திரை வெயிலில் நண்பகலில் மாத்திரம் நின்றுபோனால், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகியிருக்கலாம். பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி ஆறவிட்டால் வண்டி கிளம்பும். அதற்காகக் கார்புரேட்டரைப் பிரிக்கவேண்டியதில்லை.

பிரித்துச் சுத்தம் செய்தல்

பிரிக்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றவேண்டும். வேலை திறந்த வெளியில் நடக்கவேண்டும். பீடி, விளக்கு எதுவும் அருகே ஆகாது. தீப்பெட்டித் தொழிலில் பேர்பெற்ற ஊராருக்கு நெருப்பின் குணத்தை விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

வெள்ளைத் துணி விரித்த தட்டில் உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே வைக்கவேண்டும். கலவைத் திருகை மெதுவாய் முழுதும் உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, பிறகு கழற்றுவது நலம். ஜெட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சைக்கிள் பம்பினால் ஊதவேண்டும். கம்பியை விட்டுக் குத்தலாகாது. துளை மயிரளவு பெருத்தாலும் பெட்ரோல் செலவு அன்றாடம் கூடும். பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே சலசலப்புக் கேட்கக்கூடாது. வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டையுள்ள இடத்தில் குமிழி வரும். அத்தகைய மிதவைக்கு ஈயம் பற்றவைக்க முயல்வது ஆபத்து, மாற்றிவிடுவதே முறை. ஊசியின் கூம்பில் வளையமாய்த் தேய்மானம் தெரிந்தால் அதையும் மாற்றவேண்டும். த்ராட்டில் தண்டு ஆடினால் லேத்துப் பட்டறையில் புஷ் போடலாம்.

பூட்டும்போது கேஸ்கட்டுகள் புதிதாயிருக்கவேண்டும். திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாய் முறுக்கினால் அடிப்பாகம் வளையாது. பூட்டியபின் எங்கும் கசிவில்லை என்று கண்ட பிறகே வண்டியைக் கிளப்பவேண்டும். ஸ்லோவும் கலவையும் இயந்திரம் நன்கு சூடேறிய பின்னரே சரிப்படுத்தத்தக்கவை.

மறுபடி வாராதிருக்க

கரிசல் மண்ணின் தூள் மிக நுண்ணியது. ஆனி, ஆடி மேல்காற்றில் வண்டிப்பாதையெல்லாம் எழும்பும் புழுதியைத் தடுப்பது ஏர் கிளீனர் ஒன்றே. எண்ணெய்க் கிளீனரானால் அடியில் சேறு படியப் படிய எண்ணெயை மாற்றவேண்டும். அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுபவர் கார்புரேட்டரை மாத்திரமல்ல, பிஸ்டனையும் தேய்த்துக்கொள்ளுகிறார்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் நம் தேசத்தில் விற்பனைக்கு வந்து, இப்போது பரவலாய்க் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். அதைக் கருதிச் செய்யப்படாத பழைய ரப்பரையும் கேஸ்கட்டையும் கெடுக்கக்கூடும். கலவையையும் சிறிது மெலிவிக்கும். ஆகவே குழாய்களை எத்தனாலுக்குத் தாங்கும் ரப்பராக மாற்றுவதும், மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியில் பெட்ரோலைத் தேங்கவிடாதிருப்பதும் அவசியம்.

அங்கத்தினர் எவரேனும் வண்டி ரிப்பேருக்கென்று சங்கத்தில் கடன் கேட்டால், பஞ்சாயத்தார் முதலில் கேட்கத்தக்கது, "பழுது எது என்று பார்த்தாயிற்றா?" என்பதே. ஒரு கேஸ்கட்டும் ஒரு ஊசி வால்வும் வாங்கினால் தீரும் காரியத்திற்கு ஒரு முழுக் கார்புரேட்டரின் கடனை ஒருவர் தலையில் ஏற்றாதிருப்பதும் சங்கம் செய்யும் உதவியேயாகும்.